மூன்று உறை வந்தால் போட்டியா?

"கால்வாய் வேலைக்கு மூன்று பேர் விலை கொடுத்தார்கள், அப்புறமும் போட்டியில்லை என்றால் எப்படி?" என்கிறார் புந்தோங் நண்பர். ஐயா, ஒரே கச்சாங் பூத்தே கடையில் மூன்று பெயர்ப்பலகை மாட்டினால் மூன்று கடையாகிவிடுமா? 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, டெண்டரில் கூடிப்பேசி விலை போடுவதை நேரடியாகவே தடைசெய்கிறது. அபராதம் உலகளாவிய விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை போகலாம். அஸ்வாரா கலைக்கழகத்தின் கணினி டெண்டர்கள் தொடர்பாக மலேசியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது எட்டு நிறுவனங்களுக்கு. எட்டு! உங்கள் கணக்கில் அமோகப் போட்டி. உறைகளை எண்ணுவதை விட்டு, ஒருவர் தாளிலுள்ள எழுத்துப்பிழை அடுத்தவர் தாளிலும் இருக்கிறதா, தோற்றவர் வென்றவரிடமே துணைக்குத்தகை எடுக்கிறாரா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆணையத்திடம் புகார் கொடுங்கள்.