வரிசையில் இல்லாத கல்லூரி

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து யாரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. முதல் பட்டதாரி சான்றிதழ். 2010-இல் வந்த சலுகை. பொறியியல் படிப்புக்கான கல்விக் கட்டணம் அதில்தான் கழிந்தது. அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அது இல்லாவிட்டால் இந்நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருப்பேன்.

என் வயிற்றெரிச்சல் வேறு. பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போன 2018-இல்தான் நான் பிளஸ் டூ முடித்தேன். கல்லூரிகளை நாமே வரிசைப்படுத்தி ஏற்ற வேண்டும். அந்த வரிசைதான் தலையெழுத்து. என் பெஞ்சுக்காரிக்கு அப்பா, அம்மா இரண்டு பேருமே டீச்சர். முந்தைய வருஷத்து கட்-ஆஃப் பட்டியலை பிரின்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, மூன்று நாள் உட்கார்ந்தார்கள். என் அப்பா கொத்தனார். அன்றைக்குச் சித்தாளிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, சிமென்ட் காயாத கையோடு பிரவுசிங் சென்டருக்கு வந்தார். 50 ரூபாயை நீட்டி, "நல்ல காலேஜா பாத்துப் போடுங்க தம்பி" என்றார். அந்தத் தம்பி கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார், நடுவில் போன் பேச்சு வேறு. அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "காலேஜ் பஸ் நம்ம ஊருக்கு வருமா?"

பஸ் வந்தது. அதை மட்டும் சொல்லியாக வேண்டும், நாலு வருஷமும் தவறாமல் வந்தது. லேப்தான் பாதி நாள் பூட்டிக் கிடந்தது.

பெஞ்சுக்காரியைவிட எனக்கு கட்-ஆஃப் 4 மார்க் கூட. இருவரும் ஒரே இடஒதுக்கீட்டுப் பிரிவு. அவளுக்கு அரசுக் கல்லூரி. எனக்கு ஏன் அது கிடைக்கவில்லை என்று ரொம்ப நாள் புலம்பினேன். அந்தக் கல்லூரி என் பட்டியலிலேயே இல்லை என்பது இரண்டாம் வருஷம்தான் தெரிந்தது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் அவளுக்கு அவள் சித்தப்பா ரெஸ்யூம் திருத்திக் கொடுத்தார். எனக்கு ரெஸ்யூம் என்றால் பயோடேட்டா; அதில் ராசி, நட்சத்திரம் வரைக்கும் எழுதி வைத்திருந்தேன்.

இந்த வருஷம் என் தம்பி பிளஸ் டூ முடித்திருக்கிறான். சலுகை வீட்டுக்கு ஒருத்தருக்குத்தானே, அவனுக்குக் கிடையாது. என் ஒரு டிகிரியில் வீடே படித்த வீடாகிவிட்டதாம்! கட்டணம் என் சம்பளத்தில். பட்டியலும் நான்தான். மூன்று நாள் லீவு போட்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா லீவு போட்ட? அந்தப் பையன் அம்பது ரூவாய்க்குப் போட்டுத் தந்திருப்பானே!"