வேன் வீடும் லயக் காம்பராவும்

நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையிலும், ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குச் செல்லும் வழியில் நீர்த்தேக்கங்களின் ஓரங்களிலும் இந்நாளில் ஒரு புதுக் காட்சியைக் காண்கிறோம். சன்னலுக்குத் திரைச்சீலை கட்டிய வேன் ஒன்று நிற்கும். பின்கதவு திறந்திருக்கும். உள்ளே ஒரு கட்டில். கட்டிலின் கீழே பெட்டிகள். ஓரத்தில் ஒரு சிறு அடுப்பு. கொழும்பிலிருந்தோ கடல் கடந்தோ வந்த இளம் தம்பதியர் அதில் இரண்டு நாள் தங்கித் தேநீர் அருந்தி, பனிமூட்டத்தைப் படமெடுத்துச் செல்வர். அந்தப் படத்தின் ஓரத்தில் சில வேளைகளில் ஒரு லயத்தின் தகரக் கூரையும் விழுவதுண்டு.

இதைக் கண்டு மகிழ்ந்த நண்பரொருவர் ஆசிரியர் ஓய்வறையில் அண்மையில் ஒரு தத்துவத்தை வெளியிட்டார். மனிதனுக்கு வாழப் பத்தடி இடம் போதுமாம். படித்தவர்களும் பணம் படைத்தவர்களுமே மாளிகையை விட்டு ஒரு வேனுக்குள் வாழ முன்வந்திருக்கும்போது, நமது தோட்டத்து மக்கள் மட்டும் காம்பரா சிறிது, காம்பரா சிறிது என்று ஓயாமல் அங்கலாய்ப்பது ஏன் என்று அவர் வினவினார். அங்கிருந்த சிலர் சிரித்தனர், சிலர் தலையசைத்தனர். சிரித்தவர்களையும் தலையசைத்தவர்களையும் கருதியே இதனை எழுதுகிறோம்.

வேனை வீடாக்கும் முயற்சியின்மீது நமக்கு எள்ளளவும் பகையில்லை. அதில் அடங்கிய உழைப்பை அருகிலிருந்து கண்டவர் நாம். எம்மிடம் பயின்று சாதாரண தரத்தோடு கல்வியை நிறுத்திய ஓர் இளைஞர், தந்தையின் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் வாங்கிய பழைய டொல்பின் வேன் ஒன்றைத் தம் கையாலேயே வீடாக்கினார். பயணிகளை ஏற்றி இறக்கிய வேன் அது. பெருந்தொற்றுக் காலத்தில் ஓட்டமின்றி நின்றது. 2022இல் எரிபொருள் இன்றி மீண்டும் நின்றது. நிற்கும் வண்டியிலிருந்து வருமானம் வரவேண்டுமாயின் அதில் மனிதர் தங்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஆசனங்களைக் கழற்றி விற்றார். தகரச் சுவருக்கு உள்ளே குளிர்தடுப்புப் பஞ்சணை ஒட்டி அதன்மேல் பலகை அடித்தார். கூரைமேல் சூரியசக்தித் தகடும், இயந்திரத்துக்குரிய மின்கலத்தோடு கலவாத இரண்டாவது மின்கலமும் வைத்தார். வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதால் அதற்கும் அலைந்தார்.

வேலை அத்தோடு முடியவில்லை. உண்மையான பாடம் அதில் உறங்கத் தொடங்கிய பின்னரே ஆரம்பமாயிற்று. கடல்மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ள நுவரெலியாவின் இரவில், மூடிய வேனுக்குள் இருவர் விடும் மூச்சே குளிர்ந்த தகரத்திற் பட்டு நீராகிச் சொட்டும். முதல் மழைக்காலத்திலேயே மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்தது, பலகை உப்பியது. அவர் பலகையைப் பெயர்த்தார். மெத்தையின் கீழ்க் காற்றோட இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்தார். கூரையில் ஒரு காற்றுப்போக்கி வெட்டினார். சமையல் எரிவாயு காற்றிலும் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும் என்று அறிந்து, தரையோடு ஒட்டிய ஒரு துவாரமும் இட்டார். பக்கச் சன்னல் ஒன்று போதாதென்று எதிர்ப்பக்கத்திலும் ஒன்று வைத்தார். இவ்வாறு ஓராண்டு காலம் இருந்து பார்ப்பதும் திருத்துவதுமாக அந்தத் தகரப் பெட்டி மெல்ல மெல்ல மனிதர் உறங்கத் தக்க இடமாயிற்று.

இனி நண்பரின் கணக்குக்கு வருவோம். வேனின் உட்புறம் ஏறத்தாழ பத்தடிக்கு ஐந்தடி. ஐம்பது சதுர அடி. அதில் இருவர் தங்குவர், ஆளுக்கு இருபத்தைந்து. லயக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி; நூற்றிருபது சதுர அடி. எம் இளைஞர் பிறந்த காம்பராவில் ஆறு பேர் உறங்குகின்றனர், ஆளுக்கு இருபது. இஸ்தோப்பை மறைத்துச் சமையலறை ஆக்கியதைச் சேர்த்தாலும் கணக்கு அதிகம் மாறாது. நாடோடி வாழ்வின் எளிமை என்று நண்பர் வியந்த வேனிலேயே ஒருவருக்கு அதிக இடம் இருக்கிறது. அவ்வெளிமையோ இரண்டு நாளில் முடிந்துவிடும். லயத்தில் அது நான்கு தலைமுறையாகத் தொடர்கிறது.

எனினும் பரப்பளவைப் பற்றிய வாதத்தோடு நிற்பது தவறு. லயத்தின் கூரையும் தகரமே. அங்கும் மூச்சு நீராகிச் சொட்டுகிறது. அங்கும் சுவர் பூஞ்சணம் பிடிக்கிறது. அங்கும் புகை வெளியேற வழியில்லை. வேனில் ஓராண்டிற் களைந்த குறைகள் லயத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் களையப்படாதிருப்பது ஏன்? தோட்டத்து மக்களுக்கு வீடு வைத்திருக்கத் தெரியாது, சுத்தம் தெரியாது, கொடுத்ததைக் கெடுத்துவிடுவர் என்ற பழைய பல்லவியை நாம் எத்தனை மேடைகளிற் கேட்டிருக்கிறோம்! அந்தப் பல்லவிக்கு எம் இளைஞரின் வேன் ஒன்றே போதிய மறுப்பு. லயத்தைச் சீராக்காத அதே கைகள்தாம் வேனைச் சீராக்கின. கை மாறவில்லை, உரிமைதான் மாறியது. வேனின் பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. காம்பராவுக்கு எந்தப் புத்தகமும் இல்லை. தன்னுடையதல்லாத சுவரில் சன்னல் வைக்க எவனுக்கு மனம் வரும்? மனம் வந்தாலும் யார் விடுவர்? அனுமதியின்றி இறக்கிய ஒரு தாழ்வாரத் தகரம் பிடுங்கப்பட்ட கதை மலையகத்தில் எந்த டிவிசனில்தான் இல்லை?

பல தோட்டங்களில் ஒரு தொழிலாளிக்கு வரும் கடிதமும் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே அவன் கைக்கு வந்திருக்கிறது. தெருவில் ஓடும் வண்டிக்கு அரசாங்கம் தந்த இலக்கம் உண்டு. மனிதன் பிறந்து வளர்ந்து மடியும் காம்பராவுக்கு முகவரி இல்லை.

இந்நிலை தற்செயலாக உண்டானதன்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்தவர்களை ஒரு பருவத்துக்குத் தங்க வைப்பதற்கு எழுந்தவையே லயங்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. தேயிலை மலைகளை மூடியது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே தொழிலாளி நிலையாகத் தங்கினான். அவன் தங்கிய இடம் மட்டும் தற்காலிகமாகவே இருந்தது. 1947இல் மலையக மக்கள் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. தொடர்ந்து வாக்கும் பறிபோயிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடி 5,25,000 பேரை அங்கும் 3,00,000 பேரை இங்குமாகப் பங்கிட்டனர். எந்நேரமும் கப்பலேற்றப்படக்கூடிய மனிதனுக்கு வீடு எதற்கு என்பதே அன்றைய ஆளும் வர்க்கத்தின் நியாயம். அந்த நியாயத்தின் கீழ் வாழ்ந்தவனைப் பற்றிய நாவலுக்கு, அந்த ஏழு பிரதிநிதிகளில் ஒருவரான சி. வி. வேலுப்பிள்ளை ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது, தோட்டங்கள் அரசுடைமையாயின, லயம் லயமாகவே நின்றது. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அவற்றுக்கு 53 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற சொல் ஒருவாறு முடிவுக்கு வந்தது. நேற்று வந்த கம்பனிக்கு அரை நூற்றாண்டுக்குப் பத்திரம் உண்டு. ஒன்றரை நூற்றாண்டாக அதே மலையில் எலும்பைப் புதைத்தவனின் பேரனுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இதுவன்றோ சிந்திக்க வேண்டிய கணக்கு?

இடங்களை மாற்றியமைப்பது மலையகத்தில் இயலாத காரியம் என்று எவரும் சொல்லவேண்டாம். கந்தப்பளையில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 1990களில் உல்லாச விடுதியாக மாறியது. காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கிய துரைமார் பங்களாக்கள் செல்வர் தங்கும் மனைகளாக மாறின. இலைகளை வாட்டிய தட்டில் மெத்தை விரிக்க வழி கண்ட கெட்டிக்காரத்தனத்துக்கு, லயத்திற்கு ஒரு புகைபோக்கி வைக்க வழி தெரியாமற் போனது விந்தையே.

கடலுக்கு அப்பாலும் இதுவே கதை. கேரளத்து மூணாறை எடுத்துக்கொள்வோம். அங்கும் தேயிலை, அங்கும் தமிழ்த் தொழிலாளர், அங்கும் லயம். 2020 ஆகஸ்டு 6ஆம் திகதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லய வரிசைகளின்மேல் விழுந்தது. 70 உயிர்கள் போயின. அதே ஆண்டு நவம்பரில், அதே மூணாற்றில், அரசுப் போக்குவரத்துக் கழகம் பழைய பேருந்துகளுக்குள் படுக்கைகள் அமைத்து, சுற்றுலாப் பயணிகள் குறைந்த செலவில் உறங்க வகைசெய்தது. திட்டம் நல்லதே. ஏழைப் பயணிக்கும் மலையைக் காட்டும் திட்டத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் வந்து போகிறவன் உறங்கும் இடத்தைப் பற்றி எழும் அக்கறை, அங்கேயே கிடப்பவன் உறங்கும் இடத்தைப் பற்றி ஏன் எழுவதில்லை என்று கேட்காமலும் இருக்க மாட்டோம். வேனில் வாழ்வோர் யாவரும் இன்பத்துக்காகவே வாழ்கின்றனர் என்பதும் பொய். 2008ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவின் பின் அமெரிக்காவில் வீட்டை இழந்த முதியவர்கள் பலர் வேனிற் குடியேறி, கிட்டங்கி வேலைக்கும் அறுவடை வேலைக்கும் ஊர் ஊராக அலைந்தனர். அங்கே சக்கரம் பூண்ட லயம் அது. முதலாளித்துவம் தான் பறித்த வீட்டுக்குச் சுதந்திர வாழ்வு என்று பெயரிட்டு விற்கவும் வல்லது.

இனி எதிர்வாதிகளின் கடைசி ஆயுதம் ஒன்றுண்டு. காணி கொடுத்தால் விற்றுவிடுவர் என்பதே அது. எம் இளைஞருக்கு வேனை விற்கும் உரிமை முதல் நாளிலிருந்தே இருந்தது. அவர் விற்கவில்லை, சன்னல் வைத்தார். விற்கும் உரிமை உள்ளவனே காக்கும் பொறுப்பையும் உணர்வான். கொழும்பில் காணி வைத்திருப்பவன் அதை விற்றுவிடக்கூடும் என்பதற்காக அவனது உறுதிப்பத்திரத்தை எவரும் பறிப்பதில்லையே?

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு சொல். 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு என்ற திட்டங்கள் வந்தன. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். கட்டி முடிந்த வீடுகளை வரவேற்கிறோம். ஆனால் திறவுகோலைத் தலைவர் கையால் வாங்கும் படத்துக்கு இருக்கும் அவசரம் உறுதிப்பத்திரத்துக்கு ஏன் இல்லை? பத்திரமில்லாத வீடு அகலமான லயமேயாகும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலையகமெங்கும் மண் சரிந்தது. எம் இளைஞரின் லயத்துக்குப் பின்னால் மண்திட்டு வெடித்தது. இரவோடிரவாக ஆறு பேரும் வேனுக்குள் ஏறித் தெருவோரத்தில் ஒரு தட்டையான இடத்தில் மூன்று இரவுகளைக் கழித்தனர். இருவருக்காகச் செய்த படுக்கையில் பிள்ளைகளும், தரையில் பெரியவர்களும். நாம் சென்று பார்த்தபோது அப்பாயி இரண்டாவது சன்னலோரத்தில் அமர்ந்திருந்தார்.

“வாத்தியாரையா, இந்தப் பொட்டிக்குச் சன்னல் வைக்க எம் பேரன் யாருகிட்டயும் கையேந்தல. எங்க காம்பராவுக்கு ஒண்ணு வைக்கணும்னு அவுக தாத்தா மூணு தொரைகிட்டக் கேட்டாரு. கேட்டுக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு” என்றார்.

வேனுக்குச் சக்கரம் இருந்தது; அவர்கள் தப்பினர். அந்த வரிசையில் வேன் இல்லாத மற்றக் குடும்பங்கள் மழையில் நனைந்தபடி பாடசாலை மண்டபத்துக்கு நடந்தன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவர்களுக்கு நடக்கவும் நேரமிருக்கவில்லை. அந்நிலம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையை மட்டும் கொடுத்துப் போக்கிடத்தைக் கொடுக்காத அரசு, தன் கடமையைச் செய்ததாகுமா?

எமது கோரிக்கை எளியது. சரியாத நிலம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உறுதிசெய்த இடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணி. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதிப்பத்திரம். தபாற்காரன் கதவைத் தட்டக்கூடிய முகவரி. சன்னலை எங்கே வைப்பது என்பதை மக்களே பார்த்துக்கொள்வர்.

‘விடு’ என்ற அடியிற் பிறந்ததே ‘வீடு’ என்று வகுப்பிற் கற்பிக்கிறோம். நாளின் தளையினின்று மனிதன் விடுபடும் இடம் என்று பொருளும் சொல்கிறோம். பெரட்டுக் களத்திலிருந்து திரும்பும் தொழிலாளி நுழைவது முதலாளியின் இன்னோர் உடைமைக்குள் என்றால், அங்கு அவனுக்கு விடுதலை ஏது? ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே, வரும் விடுமுறையில் ஓர் அளவுநாடாவோடு அருகிலுள்ள லயத்துக்குச் செல்லுங்கள். நீளம், அகலம், உறங்குவோர் தொகை, சன்னல்களின் எண்ணிக்கை, பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைப் பிரதேச செயலகத்தின் மேசையில் வையுங்கள். ஓய்வறை நண்பரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். பத்தடி போதும் என்று அவர் மீண்டும் சொல்வாராயின், அந்தப் பத்தடி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.