240 நிமிடத்தைப் பங்கிடுங்கள்: நிக்ஸ் ரசிகர்களின் கோரிக்கைச் சாசனம்

நியூயார்க் நிக்ஸ் கூடைப்பந்து அணிக்காக மேடிசன் ஸ்குவேர் கார்டனில் காசு கொடுத்து உட்காருகிறவர்கள் நாங்கள். அணி நிர்வாகத்திடமும் பயிற்சியாளர் டாம் திபடோவிடமும் இந்த மார்ச் 2025இல் எங்கள் கோரிக்கைகளை வைக்கிறோம். 1973க்குப் பிறகு இந்த அணி கோப்பையைத் தொட்டதில்லை. இந்த ஆண்டு தொடக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். பிளேஆஃப் தொடங்கும்போது அவர்கள் கால்களில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

எஞ்சிய பருவத்தில் முதல் ஐவரில் யாரும் ஓர் ஆட்டத்தில் 35 நிமிடத்துக்கு மேல் ஆடக் கூடாது. ஜோஷ் ஹார்ட் சராசரியாக 37 நிமிடத்தைத் தாண்டுகிறார். மிக்கல் பிரிட்ஜஸும் ஓ.ஜி. அனுநோபியும் அவரை ஒட்டியே வருகிறார்கள். கணக்கு எளிது. 48 நிமிட ஆட்டம், களத்தில் ஐந்து பேர், ஆக மொத்தம் 240. ஐவருக்கும் 35 கொடுத்தால் 175 போக மிச்சம் 65. நான்கு மாற்று வீரர்களுக்கு அது தாராளம்.

அந்த 65 நிமிடமும் மைல்ஸ் மெக்பிரைட், லாண்ட்ரி ஷாமெட், மிட்சல் ராபின்சன் போன்றவர்களுக்கு உறுதியாகப் போக வேண்டும். ஒரு தவறு செய்த உடனே பெஞ்சுக்கு இழுக்கக் கூடாது. 2024 மே மாதம் இந்தியானாவுடனான ஏழாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது அணியில் இருந்த ராண்டிலும் ராபின்சனும் ஏற்கெனவே காயத்தால் வெளியே. அனுநோபி தொடைத் தசைக் காயத்தோடு சில நிமிடமே நின்றார். ஜேலன் பிரன்சனின் கை எலும்பு முறிந்தது. எல்லாக் காயங்களையும் பயிற்சியாளர் தலையில் கட்ட முடியாது. கை எலும்பு யாருக்கும் முறியும். ஆனால், அன்று நம்பி இறக்கப் போதுமான ஆட்கள் பெஞ்சில் இல்லை.

கடைசி இரண்டு நிமிடத்தில் 12 புள்ளி முன்னிலை இருந்தால் முதல் ஐவர் உட்கார வேண்டும். இந்த எண்ணை நாங்கள் சும்மா எடுக்கவில்லை. 2012 ஏப்ரல் 28 அன்று சிகாகோ புல்ஸ் அணி 12 புள்ளி முன்னிலையில் இருந்தது. ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம். அப்போதும் களத்தில் இருந்த டெரிக் ரோஸின் இடது முழங்கால் தசைநார் அறுந்தது. அன்றைய பயிற்சியாளரும் திபடோதான். சிறந்த பயிற்சியாளர் விருதை இருமுறை வாங்கியவருக்கு இதை நாங்கள் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கணுக்கால் சுளுக்கால் வெளியே இருக்கும் கேப்டன் பிரன்சன் திரும்பும் வாரத்தில் 25 நிமிடம் போதும். அந்த வரம்பை மருத்துவக் குழு வைக்க வேண்டும். பயிற்சியாளர் மீறக் கூடாது.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீரரிடமும் உடல்நிலையை நேரில் கேட்டு, மருத்துவர் முன்னிலையில் குறித்துவையுங்கள். நிமிடங்களைக் குறைப்பது பற்றிப் பயிற்சியாளரிடம் பேசியதாகப் பிரிட்ஜஸ் சொன்னார். அப்படிப் பேச்சே நடக்கவில்லை என்றார் திபடோ. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது எங்கள் வேலையல்ல. 2018இல் லீகுக்கு வந்ததிலிருந்து ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவர் ஓய்வு பற்றி வாய் திறந்தால், அது அலுவலகக் குறிப்பிலாவது ஏற வேண்டாமா?

ஏப்ரல் 13இல் வழக்கமான பருவம் முடிகிறது. இந்தக் கோரிக்கைகளுக்கு வீரர் பரிமாற்றமோ கூடுதல் பணமோ லீகின் அனுமதியோ தேவையில்லை. அடுத்த ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியிலேயே தொடங்கலாம்.