பதினையாயிரம் நாள்களும் நூறு நாள்களும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

போர் விமானி என்றதும் நம் கண்முன் வருவது எது? இடி முழங்கப் பாயும் விமானம், குண்டு வீச்சு, மார்பில் மின்னும் பதக்கம். திரைப்படங்கள் நமக்குத் தந்த படம் அது. அது பொய் அன்று. ஆனால் ஒரு விமானியின் வாழ்வில் அது மிகச் சிறிய பகுதி. பெரிய பகுதியை நாம் பார்ப்பதும் இல்லை, பாராட்டுவதும் இல்லை. அந்தப் பெரிய பகுதியைப் பற்றித்தான் இங்கு நான் பேச விரும்புகிறேன்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏர் சீஃப் மார்ஷல் எஸ். கிருஷ்ணசாமி 1963-இல் இந்திய விமானப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். மிக்-21 என்னும் புகழ்பெற்ற போர் விமானம் நம் படைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். 2004 டிசம்பர் 31-இல் விமானப் படைத் தளபதியாக ஓய்வு பெற்றார். மொத்தம் 41 ஆண்டுகள். ஏறத்தாழ 15,000 நாள்கள். இந்தக் காலத்தில் நம் விமானப் படை கண்ட போர்கள் எத்தனை நாள்? 1965 செப்டம்பரில் சுமார் மூன்று வாரம். 1971 டிசம்பரில் இரண்டு வாரம். 1999 கார்கிலில் சுமார் இரண்டு மாதம். எல்லாவற்றையும் கூட்டினாலும் நூறு நாளைத் தாண்டவில்லை.

அப்படியானால் மற்ற 14,900 நாள்களும் என்ன வேலை? விடுதியில் நண்பர் ஒருவர் என்னிடம் இதையே கேட்டார். "சண்டை இல்லாத நாளில் விமானத்தை ஓட்டி எரிபொருளைக் கொளுத்துவது ஏழை நாட்டுக்குத் தகுமா?" என்றார். நியாயமான கேள்விதான். கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அந்தக் கேள்விக்கு என் பதில் இது. அந்த நாள்கள் சும்மா கழிவதில்லை. பறந்து இறங்கியதும் விமானிகள் கூடி உட்கார்ந்து, அன்று யார் எங்கே தவறினார்கள் என்று ஒளிவு மறைவின்றிப் பேசுகிறார்கள். என்ஜின் நின்றால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மனத்தில் பதிய வைக்கிறார்கள். கிருஷ்ணசாமி சோதனை விமானியாகவும் இருந்தவர். ஒரு விமானம் எதுவரை தாங்கும் என்பதை, பிறர் அதில் ஏறுமுன் தாமே ஏறிப் பார்ப்பது சோதனை விமானியின் தொழில். நம் தாம்பரத்தில் உள்ள விமானப் படைப் பள்ளி ஒன்று, பறக்கக் கற்றுக் கொடுப்பவர்களுக்கே கற்றுக் கொடுக்கிறது. அமைதிக் காலத்தின் வேலை இதுதான்.

அதற்குக் கொடுக்கும் விலையும் சிறியதன்று. 1971-72 முதல் 2012 ஏப்ரல் வரை 482 மிக் விமானங்கள் விபத்தில் சிக்கின, 171 விமானிகள் உயிரிழந்தனர் என்று அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. போர்க்களத்தில் மாண்டவர்களின் கணக்கல்ல இது. தயாராகிக் கொண்டிருந்தபோதே போனவர்களின் கணக்கு. மிக்-21 விமானம் 2025 செப்டம்பரில் விடை பெற்றது. அதை ஓட்டிப் பழகி மறைந்தவர்களுக்கு நம் ஊர்களில் விழா எடுப்பார் யாரும் இல்லை.

கிருஷ்ணசாமி தளபதிப் பொறுப்பை ஏற்றது 2001 டிசம்பர் 31-இல். நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து சில நாள்களே ஆகியிருந்த நேரம். எல்லையில் படைகள் குவிந்துகொண்டிருந்தன. வரும் வரும் என்று நாடே எதிர்பார்த்த போர் வரவில்லை. அவர் ஓய்வு பெற ஐந்தே நாள் இருந்தபோது வேறொன்று வந்தது. அதை நம் கடலூர் மறக்காது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத் திருவிழா நாள்கள். காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. கார் நிக்கோபாரில் இருந்த விமானப் படைத் தளத்தைக் கடல் விழுங்கியது. வீரர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். தீவைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது என்ற செய்தி எட்டு மணிக்கு முன்பே சென்னையை எட்டியது. 8.15 மணிக்குப் பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தெரிவிக்கும்படி தாம் சொன்னதாகக் கிருஷ்ணசாமி பின்னர் பத்திரிகையிடம் கூறினார்.

நம் கரையில் அலை ஏறியது எட்டரை மணிக்குப் பிறகு. ஆழ்கடலில் ஜெட் விமான வேகத்தில் பாயும் அலைதான். ஆனாலும் இங்கு வந்து சேர அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. செய்தி இருந்தது. அது தேவனாம்பட்டினத்துக்கும் கிள்ளைக்கும் வந்து சேர வழிதான் இல்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் அதற்கு முன் ஒத்திகை பார்த்ததில்லை.

அந்தக் காலையில் தயாராக நின்றது ஒன்றே ஒன்று, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. காட்டின் மறைப்பின்றிக் கடலைப் பார்த்து நின்ற குடியிருப்புகள் அழிந்தன. எத்தனையோ ஆண்டுகள் அந்த மரங்களைப் பார்த்து, "இந்தச் சேற்றுக் காட்டால் என்ன பயன்?" என்று கேட்டவர்கள் நம்மிடையே உண்டு. விமானியைப் பற்றி என் நண்பர் கேட்டதும் அதே கேள்விதான்.

நான் பிறந்தது அந்த அலைக்குப் பிறகு. எங்கள் குப்பத்தில் வலை காய வைத்துக்கொண்டிருந்த என் அப்பா, யாரோ "ஓடு, ஓடு" என்று கத்தியதைக் கேட்டு ஓடியதால் பிழைத்தார். அவருக்குக் கிடைத்த எச்சரிக்கை அந்தக் கூச்சல் ஒன்றே. இன்று அப்படியில்லை. 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரலில் சுமத்ராவில் மீண்டும் நிலம் அதிர்ந்தபோது சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது; கரையோர மக்கள் மேட்டுக்குப் போனார்கள். நல்ல வேளையாக அன்று பேரலை வரவில்லை.

ஆனால் ஒன்றை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எங்கள் குப்பத்தில் சுனாமி ஒத்திகை நடந்தபோது சங்கொலி கேட்டு நாங்கள் இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை. கேலி பேசிச் சிரித்தோம். செல்பேசியில் படம் எடுத்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அப்பா மட்டும் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்ன பாதையில் சொன்ன இடம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காதவர் அவர். அன்று அவர் செய்தது ஒரு போர் விமானி நாள்தோறும் செய்யும் வேலை என்பதை, பட்டப் படிப்புக்கு வந்த பிறகே நான் புரிந்துகொண்டேன்.

மாணவ நண்பர்களே! நம்மில் சிலர் விமானப் படைத் தேர்வு எழுதலாம், எழுத வேண்டும். பட்டமும், பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்த கடலூர்ப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. எழுதாத மற்றவர்களும் அந்த 14,900 நாள்களின் ஒழுக்கத்தைக் கற்கலாம். நம் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடல் இருக்கிறது. அடுத்த முறை சங்கொலி கேட்டால், ஒத்திகைதானே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். எழுந்து நடப்போம். வீட்டில் உள்ள முதியவர்களையும் குழந்தைகளையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு நடப்போம்.