பந்தியும் பிரசங்க பீடமும்

குருத்துவப் பணிக்கென ஓர் இளைஞன் பயிற்சிக் கல்லூரியின் வாயிலிற் காலெடுத்து வைக்கின்றான். வேதாகமத்தை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருப்பான். அங்கே அவன் கையில் முதன்முதற் கொடுக்கப்படுவது ஒழுங்கு விதிகள் அடங்கிய ஒரு தாளேயாம். எத்தனை மணிக்குத் துயிலெழ வேண்டும், எந்த மணிக்கு வழிபாட்டுக்குச் செல்ல வேண்டும், யாரிடம் அனுமதி பெற்று வெளியே போக வேண்டும், எத்தகைய உடை உடுத்த வேண்டும், கைத்தொலைபேசியை எந்நேரத்தில் தொடலாகாது என்றெல்லாம் அத்தாள் கூறும். தாளின் அடியில் இளைஞன் கையொப்பம் இடுவான். தந்தையும் இடுவார். அன்று மாலை மணி அடிக்கும். அவ்வொலியோடு அவனுடைய புதிய வாழ்வு தொடங்கும்.

விதிகள் வேண்டாம் என்று கூற நாம் முன்வரவில்லை. பிறந்த வீட்டுக்கும் இறந்த வீட்டுக்கும் அழைக்கப்படுகின்றவன் போதகன். நோயாளியின் கட்டிலருகே நள்ளிரவில் நிற்க வேண்டியவன். கணவன் மனைவியரின் பிணக்கையும் அண்ணன் தம்பியரின் காணி வழக்கையும் மறைவாகக் கேட்டு மறைவாகவே வைத்திருக்க வேண்டியவன். அடக்கமும் நேர ஒழுங்கும் நாவடக்கமும் இல்லாத ஒருவனை ஊர் தன் வீட்டு வாயிலுக்குள் விடாது. ஆகவே பயிற்சிக் காலத்திற் கட்டுப்பாடு இன்றியமையாதது என்பதை மறுப்பாரிலர். நம்முடைய வினா வேறு. மணியோசை கேளாத இடத்திலும் நிலைத்து நிற்கும் ஒழுக்கம் எந்த விதியினால் விளையும்?

நம் முன்னோர் இவ்வினாவை அறியாதவர் அல்லர். நன்னூலின் பாயிரத்தைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் காண்பர். பவணந்தியார் மாணாக்கனின் இலக்கணத்தை வகுக்குமுன் ஆசிரியனின் இலக்கணத்தை வகுக்கின்றார். அம்மட்டோடு அமையாது, ஆசிரியராதற்குத் தகாதவர் யாவர் என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லி விடுகின்றார். அதன் பின்னரே மாணாக்கன் வருகின்றான். வரிசை தற்செயலாய் அமைந்ததன்று என்றே கொள்ளல் தகும். கற்பிப்போனைக் கட்டாத விதி கற்போனையும் நெடுங்காலம் கட்டாது என்பது அதன் உட்கிடை.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. வட்டுக்கோட்டை நம் அயலிலேயே இருக்கின்றது. 1823ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் விட்டுச் சென்ற பழைய தேவாலய வளவிலே, அமெரிக்க மிசனரிமார் ஓர் உயர்தரக் கல்விக் கழகத்தைத் தொடக்கினர். வட்டுக்கோட்டைச் செமினரி என்று வரலாற்றிற் புகழ்பெற்றது அது. தானியேல் பூவர் அதன் முதல் அதிபர். சுதேச போதகரையும் உபதேசிகளையும் ஆசிரியரையும் உருவாக்குவது அதன் நோக்கம். ஆயினும் அங்கே வேதத்தோடு தமிழ் இலக்கணமும், ஆங்கிலமும், கணிதமும், வானசாத்திரமும் கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் 1850இல் வெளிவந்த தம் நூலிலே, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு வைத்து எண்ணத்தக்கது இது என்று வியந்துரைத்தார்.

அச்செமினரி எதிர்கொண்ட முதல் ஒழுக்கச் சிக்கல் பாடப்புத்தகத்தில் எழவில்லை. சோற்றுப் பானையில் எழுந்தது. மிசன் வளவினுள் ஆக்கிய உணவை உண்பதற்கு அக்கால மாணவர் இசையவில்லை. உண்டால் சாதி கெடும் என்று பெற்றோர் அஞ்சினர். ஆதலால் வளவுக்கு வெளியே சைவர் ஒருவரின் காணியிற் சமையல் நடந்தது. பிள்ளைகள் அங்கே சென்று உண்டு, மீண்டு வந்து பாடங் கேட்டனர். தம் வீட்டிற் சமைத்ததைத் தீட்டென்று ஒதுக்கிய பிள்ளைகளுக்கே அம்மிசனரிமார் நாள்தோறும் இலக்கமும் எழுத்தும் சொல்லிக் கொடுத்தனர். அவர்கள் நினைத்திருந்தால் ஒரே நாளில் விதி எழுதி, பணியாதவரை வெளியேற்றியிருக்கலாம். அவ்வாறு செய்யாது பொறுத்திருந்தனர். ஆண்டுகள் செல்ல, அடுப்பு வளவுக்குள் வந்தது. மாணவரின் மனம் முதலில் அசைந்தது. அடுப்பு அதன் பின்னே நகர்ந்தது.

இப்பொறுமையைப் போற்றும் அதே வேளையில் அதன் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. அச்செமினரியின் மாணவர் மிகப் பெரும்பாலும் வேளாள குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பந்தி ஒன்றாயிற்று, பந்திக்கு வந்தோர் ஏறத்தாழ ஒரே பகுதியினர். வெளியே நின்றவருக்குக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. பொறுமை என்பது சில வேளைகளில் வசதியின் மறுபெயராகி விடுகின்றது. அதன் விலையை அடுத்த தலைமுறைகள் செலுத்தின. நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், 1929, 1930ஆம் ஆண்டுகளில், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமரலாமா என்பது பெரும் பூசலாய் வெடித்தது. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசு, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாகி, தீண்டாமைக்கு எதிராய்க் குரல் எழுப்பியது. அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் பயின்றவர். முதல் மண்ணிற் பாதியளவே ஊன்றிய வித்து, அதே மண்ணில் மறுபடியும் முளைத்தது எனலாம்.

செமினரியின் இன்னொரு வழக்கத்தையும் இங்கே நினைத்துப் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஒரு மாணவனின் செலவுக்குப் பொருள் உதவியோர், தாம் விரும்பிய பெயர் அவனுக்கு வழங்கக் காண்பர். இதனாலேயே 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்களாகிய இரு தமிழரும் ஹென்றி மார்ட்டின், செத் பேசன் எனப் பெயர் பூண்டிருந்தனர். ‘பாவலர் சரித்திர தீபகம்’ இயற்றிய சதாசிவம்பிள்ளையை ஆர்னல்ட் என்றே அழைத்தனர். பெயர் மாறினால் ஆளும் மாறுவான் என்று எண்ணினர் போலும்! ஆனால் நிகழ்ந்தது யாது? ஆர்னல்ட் கிறிஸ்தவராயிருந்து தமிழ்ப் புலவரின் வரலாற்றை எழுதினார். கிறிஸ்தவ குடும்பத்திற் பிறந்து அங்கே பயின்ற சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையோ சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகி, பின்னர் சைவராய் வாழ்ந்து, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். பெயர் ஒருவரையும் கட்டவில்லை. இருவரிடத்தும் நிலைத்தது ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களையும் உழைப்பு. அந்த ஒழுக்கத்தை எந்தத் தாளும் அவர்களுக்கு ஆணையிட்டிருக்க முடியாது. ஆசிரியரிடம் கண்டு கற்றனர்.

ஆசிரியர் எத்தகையோர்? செமினரியின் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன் கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்தவர். ஆயினும் சைவ சித்தாந்தத்தை மறுக்குமுன் அதனைக் கற்றார். சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் வெளியிட்டார். பிறர் நூலைப் படியாது பழித்தல் தகாது என்னும் விதியை அவர் தம்மீது இட்டுக்கொண்டார் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. தானியேல் பூவரும் அவ்வாறே தாம் போதித்த மக்களிடையே வாழ்ந்து, 1855இல் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார்.

அதே 1855இல் செமினரியும் மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்து பார்வையிட்ட தூதுக்குழுவின் முறைப்பாடு எளிதானது: ஆங்கிலங் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போகின்றனர், கற்கின்ற மாணவருள்ளும் திருச்சபையில் முறையாகச் சேர்ந்தோர் மிகச் சிலரே. போதகரை ஆக்க எழுந்த நிலையம் எழுதுவினைஞரை ஆக்குகின்றது என்பது அவர்தம் கவலை. அக்கவலை பொய்யன்று. ஆனால் முடிவு ஊரைக் கேளாது எடுக்கப்பட்டது. விட்ட இடத்தை நிரப்ப ஊரவரே முயன்று, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பயிற்சியின் பயனைத் தலை எண்ணிக்கையால் மட்டும் அளந்தோர், இலக்கியத்திலும் பத்திரிகையிலும் பாடசாலைகளிலும் பரவி நின்ற பயனைத் தம் கணக்கில் சேர்க்க மறந்தனர்.

இனி இற்றை நிலைக்கு வருவோம். இன்று கொழும்புத்துறைப் புனித சவேரியார் குருமடத்திலும், கண்டிக்கு அருகே 1963இல் தொடங்கிய பிலிமத்தலாவை இலங்கை இறையியற் கல்லூரியிலும் நம் இளைஞர் பணிக்கென ஆயத்தமாகின்றனர். பிலிமத்தலாவையில் வெவ்வேறு திருச்சபையினர் ஒன்றாய் வாழ, தமிழர் தமிழிலும் சிங்களவர் சிங்களத்திலும் பயில்கின்றனர். வட்டுக்கோட்டையிற் சாதிக்கு நிகழ்ந்த சோதனை அங்கே மொழிக்கும் இனத்துக்கும் நிகழ்கின்றது. போர் கண்ட நாட்டில் ஒரே மேசையில் இருந்து உண்பது சிறு செயலன்று. எந்த விதித்தாளிலும் எழுதப்படாத பெரும் பாடம் அங்கே நாள்தோறும் பரிமாறப்படுகின்றது.

ஆகவே பயிற்சி நிலையங்களை நடத்துவோருக்கு நாம் பணிவுடன் கூற விரும்புவது இது. விதிகள் சிலவாய் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லப்படட்டும். காரணம் சொல்ல இயலாத விதியை நீக்கி விடுதல் நன்று. நேரந் தவறிய மாணவனுக்குத் தண்டம் உண்டெனில், நேரந் தவறிய ஆசிரியரும் அதனை ஏற்கட்டும். அவரும் வரிசையில் நின்று சோறு பெறட்டும். தம் கோப்பையைத் தாமே கழுவட்டும். மாணவன் ஐயம் எழுப்பினால் அதனைக் கீழ்ப்படியாமை என்று பதிவேட்டில் எழுதலாகாது. வினாவை அடக்கி வைத்தவனுக்கு முகமூடி அணியத் தெரியும். பின்னாளில் மனமுடைந்து வரும் ஒரு தாய்க்கு விடை சொல்லத் தெரியாது. தன் பகுதியல்லாத மக்கள் வாழும் ஊரிலே சில வாரங்களேனும் தங்கி, அவர்கள் வீட்டுக் கிணற்றில் நீர் மொண்டு, அவர்கள் அடுப்பிற் கஞ்சி குடித்து வருதல், சோதனைத்தாளுக்கு நிகரான தேர்வாக வைக்கப்படட்டும்.

எனினும் குறை முழுவதையும் கல்லூரிகளின் மேற் சுமத்துதல் நீதியாகாது. ஊருக்கும் ஒரு சொல் உண்டு. போதகர் புகைக்கலாகாது, உரத்துச் சிரிக்கலாகாது, மோட்டார்ச் சைக்கிளை விரைந்து ஓட்டலாகாது என்று நாம் அவருக்கு நூறு விதிகள் வகுக்கின்றோம். புதியவர் ஒருவர் நம் ஊர்த் தேவாலயத்துக்கு நியமனம் பெற்றார் என்றதும், அவர் பிரசங்கிப்பதைக் கேட்குமுன்னரே, ‘எந்தப் பகுதி ஆட்கள்?’ என்று மெல்ல விசாரிக்கின்றோமே, அது எந்த ஒழுக்கத்தின்பாற்படும்? நம் செய்தித்தாள்களின் திருமண விளம்பரங்களிலே மதத்தின் பக்கத்திற் சாதியும் அச்சாகின்றது. எழுதுவோர் சைவர் மட்டும் என்று கிறிஸ்தவர் எண்ணி ஆறுதல் கொள்ள இயலாது. நற்கருணைக் கிண்ணத்தில் ஒன்றாய்ப் பருகியோர் கலியாண வீட்டுப் பந்தியிலே பிரிந்து அமர்வராயின், பீடத்தில் நின்று சொல்லப்பட்டது யாருடைய செவியில் விழுந்தது?

பொதுப் பந்தியிற் பழகிய இளைஞனை ஒருநாள் நாம் நம் ஊருக்குப் பெற்றுக்கொள்வோம். அவன் கையொப்பமிட்ட தாள் கல்லூரிக் கோவையிற் கிடக்கும். மணி அடிப்பாரும் அருகில் இரார். அவன் கற்ற ஒழுக்கம் உயிரோடு இருப்பதும் வாடிப் போவதும் அப்போது நம்மைப் பொறுத்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வட்டுக்கோட்டையில் ஓர் அடுப்பு வளவுக்கு வெளியிலிருந்து உள்ளே வந்தது. நம் வீட்டு அடுப்பங்கரைக்கு அப்போதகனை அழைக்க நாம் ஆயத்தமா? மாணவரின் விதித்தாளைத் திருத்தப் புகுவோர், முதலில் தத்தம் வீட்டில் இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பாராக.