மரத்தை எண்ண ஆள் வருது, அள்ள யார் வருவா?

அன்பார்ந்த தென்னை விவசாயிகளே, குத்தகைதாரர்களே!

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தோப்புகளைப் படுக்கப் போட்டதை நாம் மறக்கவில்லை. மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. தலைமுறைக்கும் காய்க்கிற மரத்துக்கு 600 என்பது தனி அநியாயம். இப்போது நாம் கேட்பது அந்த 500-ஐப் பற்றி.

ஒரு மரத்தை ரம்பம் போட்டு, தூரைப் பிடுங்கி, தோப்புக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க 500 போதுமா? ஊரெல்லாம் மரம் கிடக்கும்போது இயந்திரம் வச்சிருக்கிறவர் சொல்றதுதான் வாடகை. பத்து ஏக்கர்காரருக்கு முதலில் போகும். அரை ஏக்கர்காரருக்குக் கடைசியில்தான் வரும்.

கிடக்கிற மரம் சும்மா கிடக்காது. மட்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு அதிலேயே வளர்ந்து வண்டாகி, புதுசா வச்ச கன்னோட குருத்தைக் குடையும். அள்ளாத மரம் அடுத்த தோப்பையும் தின்னும்!

பொக்லைன் போதாதா என்பார்கள். ஏழு டன் வண்டி, 25 அடி இடைவெளியில் நிற்கும் மரங்களுக்குள் திரும்பினால் வேர்மண் இறுகும். வாளியோ குப்பையோடு மேல்மண்ணையும் வழித்துவிடும். மினி டிராக்டரின் முன்னால் லோடர் பொருத்தி அதில் இரும்புக் கவ்வி மாட்டினால், நண்டுக் கொடுக்கு மாதிரி மரத்துண்டையும் மட்டையையும் பிடித்துத் தூக்கும். மண் பல்லிடுக்கில் உதிர்ந்து நம்ம நிலத்திலேயே விழும். முழு மரத்தை அது தூக்காது. துண்டு போட்டுத்தான் கொடுக்கணும். பின்பக்கம் எடை கட்டி, சுமையைத் தாழ்த்திக் கொண்டுபோகாவிட்டால் வண்டி கவிழும். அதனால்தான் பயிற்சி பெற்ற ஓட்டுநரோடு கேட்கிறோம்.

புயல் இல்லாத வருசம் சும்மா நிற்குமே என்று அதிகாரிகள் சொல்லலாம். சீமைக்கருவேல முள்ளை அள்ள ஆள் கிடைக்குதா? அவங்களே வந்து பார்க்கட்டும்!

நமது கோரிக்கைகள்:

1. வேளாண்மைப் பொறியியல் துறை, புல்டோசரும் டிராக்டரும் வாடகைக்குத் தருவதுபோல், ஒவ்வொரு ஒன்றியத்திலும் கவ்வி பொருத்திய மினி டிராக்டரையும் குறைந்த வாடகைக்குத் தர வேண்டும்.
2. புயல் காலத்தில் சிறு, குறு விவசாயிக்கே முதல் முறை.
3. மரம் அகற்றும் தொகையை உண்மையான செலவுக்கு உயர்த்த வேண்டும்.
4. குத்தகை விவசாயிக்கும் இது கிடைக்க வேண்டும்.

அடுத்த புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. ஊருக்கு ஊர் கையெழுத்து வாங்குவோம்! ஒன்றிய அலுவலகம் முன் அணி திரள்வோம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்