குளிருக்கு முன் கம்பளி

கல்வராயன் மலையில் குடியிருப்பவர்கள் மார்கழிப் பனி இறங்கிய பிறகு கம்பளியைத் தேடுவதில்லை. கார்த்திகையிலேயே எடுத்து உதறி வைத்து விடுவார்கள். மின்சார நிலையத்துக்கும் இந்த முன்யோசனை வேண்டும் என்று நாம் சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். வயிற்றில் நெருப்பை வைத்துக்கொண்டிருக்கும் யந்திரத்தைக் குளிர் என்ன செய்யும்?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணம் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. நம்மைப் போலவே வெயிலுக்குப் பழகிய பிரதேசம் அது. 2021 பிப்ரவரியில் அங்கே கடுங்குளிர் இறங்கிற்று. உறைந்தது கொதிகலன் அன்று. அழுத்தத்தை அளந்து சொல்லும் சிறு குழாய்களில் இருந்த தண்ணீர். அளவு தெரியாத யந்திரங்கள் நின்றன. எரிவாயுக் கிணறுகளிலும் ஈரம் பனிக்கட்டியாகி அடைத்தது. வாயு குறையவே மின்சாரம் குறைந்தது. மின்சாரம் குறையவே வாயுவை உந்தும் யந்திரங்களும் நின்றன. 15-ந் தேதி அதிகாலையில், விநாடிக்கு 60 ஆக இருக்க வேண்டிய மின் அலைவு 59.3 ஆகத் தாழ்ந்தது. இன்னும் சில நிமிஷங்கள் அப்படியே சென்றிருந்தால் மின்தொடர் முழுவதுமே குலைந்திருக்கும். அதைத் தடுக்க, லட்சக்கணக்கான வீடுகளை இருளில் விட்டார்கள். மாகாண சர்க்காரின் கணக்குப்படி அந்தக் குளிரில் மாண்டவர்கள் 246 பேர்.

வருந்தத்தக்கது யாதெனில், 2011-லேயே அங்கு இதே விபத்து சிறிய அளவில் நேர்ந்திருந்தது. குழாய்களுக்கு உறை போடுங்கள், சூடேற்றும் கம்பி சுற்றுங்கள், காற்றுக்குத் தடுப்புக் கட்டுங்கள் என்று மத்திய அதிகாரிகள் அப்போதே யோசனை கூறினர். யோசனைதான், கட்டளை அன்று. பலர் கேட்டுக்கொண்டதோடு சரி. எல் பாஸோ நகரத்தார் பணம் செலவிட்டு அவ்வாறே செய்தனர். அண்டை மாகாணங்களின் மின்தொடருடன் இணைப்பும் அவர்களுக்கு இருந்தது. 2021-ல் அந்நகரம் பெருந்துன்பத்துக்குத் தப்பிற்று.

நம் தேசத்தில் லடாக்கின் நிலை என்ன? அங்கே குளிர்காலத்தில் ஆற்று நீர் குறைந்துவிடும். டீசல் யந்திரங்களையே பெரிதும் நம்பியிருந்தார்கள். 2019 பிப்ரவரியில், ஸ்ரீநகரிலிருந்து ஜோஜி லா கணவாயைத் தாண்டி லே வரை செல்லும் 220 கிலோவோல்ட் மின்பாதை திறக்கப்பட்டது. தென்னாட்டு மின்தொடரோ 2013 டிசம்பர் 31-ந் தேதியே வடநாட்டோடு ஒன்றாயிற்று. ஆகவே கள்ளக்குறிச்சியில் எரியும் விளக்குக்கும் லே நகரத்து விளக்குக்கும் இன்று நாடித்துடிப்பு ஒன்றே!

நம் ஜில்லாவில் குழாய்கள் உறையப் போவதில்லை. நமது பகைவன் புயல். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழை நம்மை என்ன பாடு படுத்திற்று என்பதை மறந்திருக்க மாட்டோம். மின்கம்பியின்மேல் சாயும் கிளையைப் புரட்டாசியிலேயே வெட்டுவதற்கும், துருவேறிய கம்பத்தை முன்கூட்டி மாற்றுவதற்கும் யாரும் மாலை போடுவதில்லை. நடவாத விபத்தைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போட முடியாதல்லவா?

மின்நிலையங்களைக் குளிருக்கு ஆயத்தம் செய்ய வேண்டும் என்று டெக்ஸாஸ் சட்டம் இயற்றியது, 246 உயிர்கள் போன பிறகு. அவ்வளவு விலை கொடுத்து நாமும் அந்தப் பாடத்தை வாங்க வேண்டுமா?